கல்வெட்டை நிறுத்தியது நான்தான்

என் மகனுக்கு,

கல் வெட்டுகிறவரிடம் போய் உளியைக் கீழே வைக்கச் சொன்னது எதிர்வீட்டுக்காரர்கள் இல்லை. நான்தான். முந்தாநாள் சாயங்காலம் அவர்கள் வாசலில் நின்று, "ஏலே, ஆம்பளையா இருந்தா வெளிய வாலே! எங்க தாத்தா கல்ல நிப்பாட்ட ஒனக்கு என்னலே அதிகாரம்?" என்று நீ கத்திய சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பையன் வெளியே வரவில்லை. அவன் ஏன் வர வேண்டும்? வந்திருக்க வேண்டியவள் நான். அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, பெற்ற பிள்ளைக்குப் பயந்து அடுப்படியில் ஒளிந்து நின்றேன், என்ன வெட்கக்கேடு! அதனால்தான் எழுதுகிறேன். ரகசியமாகவும் எழுதவில்லை. நீ தெருவுக்கே கேட்கக் கத்தினாய், பதிலும் தெருவுக்கே கேட்கட்டும். படித்து முடித்ததும் உன் கூட்டாளிகளுக்குக் காட்டு. எதிர்வீட்டிலும் கொண்டுபோய்க் கொடு.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சொல்ல விட்டாயா நீ? சுதந்திரப் பொன்விழாவுக்குத் தெருமுனையில் தாத்தா பேரில் கல் வைக்கப் போகிறோம் என்று நீ வந்து குதித்த அன்றைக்கே, "ஏய்யா, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். "எம்மா, செத்த நேரம் சும்மா இரு, ஆள் நிக்காங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இரண்டாம் தடவை சோறு போடும்போது ஆரம்பித்தேன். நீ நோட்டீஸ் என்ன நிறத்தில் அடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாய். மூன்றாம் தடவை உன் அப்பாவைச் சொல்லச் சொன்னேன். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன், "நீயாச்சு, ஒம் மகனாச்சு. பொய்ய டைப் அடிக்கும்போது என்னயவா கேட்ட?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பொய்யை டைப் அடித்தது நான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருபது வருடமாக உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். "நடந்ததை மட்டும் சொல்லுங்க, கூட்டிச் சொன்னா மனு நிக்காது" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன்! என்னைப் பெற்றவருக்காக அடித்த ஒரே ஒரு தாளில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

விஷயம் இதுதான். உன் தாத்தா விடுதலைப் படையில் இருந்தவர் இல்லை. ஜப்பான்காரன் துணையோடு வெள்ளைக்காரனை எதிர்த்துப் பர்மாவில் நின்றது அந்தப் படை. உன் தாத்தா நின்றது அதற்கு எதிர்ப்பக்கம். வெள்ளைக்காரன் பட்டாளத்தில், பாலம் கட்டுகிற கம்பெனியில் இருந்தார். ஜப்பான்காரனைப் பர்மாவை விட்டு விரட்டிய கடைசிச் சண்டைகள் முழுவதிலும் இருந்தார். காலாட்படை முன்னால் போய்விடும். பின்னால் வருகிற டாங்கியும் லாரியும் ஆற்றைத் தாண்ட வேண்டாமா? அதற்குத் தெப்பம் கட்டுவதும் பாலம் போடுவதும் இவர்கள் வேலை. மழைக்காலம் தொடங்குவதற்குள் ரங்கூனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மேலே இருந்து விரட்டிக்கொண்டே இருந்தார்களாம். "நான் துப்பாக்கிய எடுத்துச் சுட்டது மொத்தம் ரெண்டு தடவ. ரெண்டும் யாரு மேலயும் படல. ஆனா நான் போட்ட பலகை மேல எம்புட்டு டாங்கி போச்சுன்னு எனக்கே தெரியாது" என்று சொல்வார். இதுதான் உன் தாத்தா. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சரி, பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நீ திருப்பிக் கேட்டால் எனக்கும் சட்டென்று பதில் வராது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஊர்மேல்தான். இங்கே இரண்டே இரண்டு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தியாகி, இன்னொன்றில் துரோகி. பசிக்குப் பட்டாளத்தில் சேர்ந்து, சொன்ன இடத்தில் பாலம் போட்டுவிட்டு, உயிரோடு திரும்பி வந்து மில்லில் பிட்டர் வேலை பார்த்தவர் எந்தப் பெஞ்சில் உட்காருவார்?

நீ அஞ்சாம் வகுப்பு படித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுத் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் நிஜமாகவே ஜெயிலுக்குப் போனவர். அந்தப் பையன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அடுத்து நீ எழுந்து, "எங்க தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல பாலம் கட்டுனாரு" என்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாய். அவ்வளவுதான். "வெள்ளைக்காரன் கூலி, வெள்ளைக்காரன் கூலி" என்று வீடு வரைக்கும் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்கள். சட்டைப் பை கிழிந்து, உதடு வீங்கி வந்து நின்றாய். "எம்மா, தாத்தா கெட்டவரா?" என்று கேட்டாய். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. சுதந்திர தின விழாவில் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம், ஆளைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பவும் என்று. தாளைச் செருகினேன். 'பர்மாப் போரில் விடுதலைப் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்த வீரர்' என்று அடித்தேன். பர்மா உண்மை, போர் உண்மை. மிச்சம் என் கைச்சரக்கு. உன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.

"சும்மா ஒரு பொன்னாடை போத்துறாங்களாம், வாங்கப்பா" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். மேடையில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் என் வரியைப் படித்தார். உன் தாத்தா மெதுவாகத் திரும்பி, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத் தேடிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி இருந்தேன். அவர் எழுந்து மைக்குக்குப் போனார். "ஐயா, நான் அந்தப் படையில..." என்று ஆரம்பித்தவர், முன்வரிசையில் உன்னைப் பார்த்துவிட்டார். நீ எழுந்து நின்று கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அடி வாங்கிய அதே உதட்டோடு எப்படிச் சிரித்தாய் தெரியுமா! அவர் மைக்கை விட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார். தலைமையாசிரியர் மைக்கை வாங்கி, "ஐயா அடக்கம் காரணமாகப் பேச மறுக்கிறார்" என்றார். கூட்டமே தட்டியது. உன் தாத்தா உட்கார்ந்துவிட்டார். உனக்காகத்தான் உட்கார்ந்தார். இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை எட்டாக மடித்து என் டைப்ரைட்டர் மேல் வைத்தார். "ஏட்டி, யாரு துண்ட எனக்குப் போத்தி விட்ருக்க, தெரியுமா?" என்றார். அன்று சாயங்காலம்தான் அந்த ஆற்றங்கரைக் கதையை முழுதாகச் சொன்னார். அதுவரை துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், கேள்.

"ஐராவதி ஆறு. நம்ம ஊரு ஆத்த நெனச்சுக்கிடாத. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை ஒரு கோடு மாதிரிதான் தெரியும். நடுவுல மணல்திட்டு. விடிஞ்சும் விடியாம படகுல ஆள ஏத்தி விடுதோம், பாதிப் படகுக்கு மோட்டார் நிக்குது. எல்லாம் ஓட்ட மோட்டாரு! தண்ணி போற போக்குல படகு போகுது. அந்தக் கரையில இருந்து சடசடன்னு சுடுதான். படகுல இருக்கவன் எங்கள பாத்துக் கத்திக்கிட்டே போறான். நான் மோட்டார் ஓடுற படகு ஒண்ணுல நடு ஆத்துக்குப் போயி, கயித்த வீசி வீசி மூணு படக இழுத்துட்டேன். நாலாவது படகுக்குக் கயிறு எட்டல." இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு தானாகவே தொடர்ந்தார். "மத்தியானத்துக்குள்ள நம்மாளுக அந்தக் கரைய பிடிச்சாச்சு. கோபுரம் கோபுரமா செங்கக் கோயிலு நிக்குற பக்கத்துல இருந்து கொஞ்சப் பேரு வெள்ளைத் துணியக் காட்டிக்கிட்டு வாரான். ஜப்பான்காரன்னு பாத்தா, எல்லாம் நம்ம மூஞ்சி. விடுதலைப் படை. பத்துப் பேர தெப்பத்துக்கிட்ட உக்கார வச்சு, என்னயக் காவலுக்குப் போட்டான். தெப்பக் கயித்த இறுக்கத் தெரியாம எங்காளு ஒருத்தன் திணறுதான். நான் கோவத்துல, 'ஏலே, முடிச்ச எங்கலே போடுத'ன்னு தமிழ்ல கத்திட்டேன். உக்காந்திருந்தவன்ல ஒருத்தன் சிரிக்கான். 'அண்ணாச்சி தேர் வடம் பிடிச்ச ஊருக்காரரு போல'ங்கான். எந்த ஊருலேன்னேன். மகாராசபுரம்னான். நம்ம வத்திராயிருப்புக்கு அங்கிட்டு கெடக்க ஊரு! மலேயாவுக்கு ரப்பர் எடுக்கப் போனவன், அப்படியே அந்தப் படையில சேந்துட்டான். ரெண்டு கால்லயும் புண்ணு. சோறு கண்டு எம்புட்டு நாளாச்சோ. எம் பங்கு பிஸ்கட்டையும் டப்பாப் பாலையும் குடுத்தேன். குடிச்சு முடிச்சிட்டு, 'அண்ணாச்சி, ஊருல தேரு ஓடுதா?'ன்னு கேக்கான். அவனைக் காவக் காக்க நிக்கேன், கையில துப்பாக்கி இருக்கு, நின்ன எடத்துலயே அழுதுட்டேன் ஏட்டி."

உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரன்றைக்கு மேல ரத வீதித் திருப்பத்தில் வந்து நிற்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அந்த ஆளைக் கைதிகளோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன் தாத்தாவின் கம்பெனி தெற்கே இறங்கியது. அப்புறமும் எத்தனையோ ஆறு, எத்தனையோ பாலம். மழை பிடித்துக்கொண்டது. தப்பி ஓடுகிற ஜப்பான்காரர்கள் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டப் பார்த்து, தாண்ட மாட்டாமல் மிதந்து வந்ததையும் பார்த்திருக்கிறார். "பசியில எலும்பா கெடந்தான். அவனப் பாத்தா எதிரின்னே தோணல" என்பார். ஒரு நாள் பாலம் பாதியில் நிற்கும்போது, சண்டை முடிந்துவிட்டது என்று வந்து சொன்னார்களாம். "மிச்சப் பலகைய என்ன செய்யன்னு கேட்டேன். ஒருத்தனும் பதில் சொல்லல" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஊர் திரும்பியதும் முதல் ஆடிப்பூரத்துக்கே போய் நின்றார். அந்த மனுஷனும் வந்து நின்றிருந்தார். அதிலிருந்து வருடம் தவறியதில்லை. அப்போதெல்லாம் தேர் ஒரே நாளில் நிலைக்கு வந்து சேராது. திருப்பத்தில் வந்து மாட்டிக்கொண்டால் அசையாது. இவர்கள் இரண்டு பேரும் ஒரு கடை ஓரமாக நின்று, வடம் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது, கட்டையை எங்கே போட வேண்டும் என்று தேர் இழுக்கிறவர்களுக்கு யோசனை சொல்வார்கள். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அது வேறு விஷயம். நான் அவரைச் சின்னையா என்றுதான் கூப்பிடுவேன். உனக்கு நாலு வயதிருக்கும்போது உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பால்கோவா வாங்கிக் கொடுத்தாரே, அவர்தான். உனக்கு நினைவிருக்காது. ஒருவரையொருவர் சுட நின்ற இரண்டு பேர் நாற்பது வருடம் ஒரே கடை ஓரத்தில் நின்று தேர் பார்த்தார்கள். அதை என் ஒரு வரி கெடுத்தது.

எப்படி என்று கேட்கிறாயா? அடுத்த ஆடிப்பூரத்துக்கு உன் தாத்தா கிளம்பவில்லை. வேட்டியைக்கூட எடுத்து வைத்தேன். "அவன் வாங்க வேண்டிய துண்ட நான் வாங்கிப் போத்திக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சு அவன் முன்னால நிப்பேன்? அவனுக்கு ஒருத்தனும் பொன்னாடை போத்தல, தெரியுமா? தியாகி பென்சன் கேட்டுப் போனவனக் காயிதம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டான்" என்றார். "போய்ச் சொல்லிருங்கப்பா, எம் மக செஞ்ச கூத்துன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "சொன்னா ஒன்னயக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். ஊருல சொன்னா பேரப்பிள்ள மறுபடி அடி வாங்குவான்" என்றார். என்ன பிடிவாதம்! எனக்கு வந்த கோபத்துக்கு, இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. ஒவ்வொரு தேருக்கும் காலையிலேயே குளித்து, பஸ் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நான் ஒரு தடவை மகாராஜபுரத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பஸ்ஸில் எத்தனை நேரம்? நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த தேருக்கு முன்னால் என்று ஆறப் போட்டேன். ஐந்து தேர் போனது. அவரும் போய்விட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் கை வரவில்லை. அவர் இறந்த அன்று சேத்தூருக்கு ஆள் போனது, மதுரைக்குத் தந்தி போனது, பத்து வருடம் பேசாத பங்காளிக்குக்கூடக் கேதம் சொல்லிவிட்டோம். "மகாராசபுரத்துக்கு யாரு போறா?" என்று உன் அப்பா கேட்டார். "வேண்டாம்" என்றேன். நடு வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருக்கும்போது அந்த மனுஷன் வந்து, "ஏன் தேருக்கு வரல?" என்று என்னைக் கேட்டுவிடுவாரோ என்று பயம். விரோதியாக இருந்தாலும் கேதம் சொல்லாமல் விடுவார்களா? நான் விட்டேன்.

இப்போது நீ செய்த காரியத்துக்கு வருகிறேன். போன வாரம் சந்தோஷமாக ஓடி வந்து, "எம்மா, விடுதலைப் படை ஆளு ஒருத்தர் இன்னும் உசுரோட இருக்காராம், மகாராசபுரத்துல! அவர வச்சே தாத்தா கல்லத் தொறக்கப் போறோம்" என்றாய். அன்று நீ வெளியே கிளம்பியதும் நான் பஸ் ஏறினேன். வத்திராயிருப்பில் இறங்கி, வேறு பஸ் பிடித்து மகாராஜபுரம் போனேன். அவர் மகன் தோப்பில் மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து உட்கார்ந்தார். "சின்னையா, நான் ஒரு தப்பு செஞ்சுட்டேன்" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"தெரியும் தாயி, அந்த வருசமே தெரியும்" என்றார். "ஒங்க ஊரு மில்லுல வேலை பாக்குற எம் மருமகன் வந்து சொன்னான், அண்ணாச்சிக்கு விடுதலைப் படைன்னு சொல்லிப் பொன்னாடை போத்துனாங்கன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். தேருக்கு வரட்டும், 'என்ன அண்ணாச்சி, கட்சி மாறிட்டீகளாமே!'ன்னு கேக்கணும்னு வச்சிருந்தேன். வரவே இல்லயே தாயி. பதினோரு வருசமா அந்தத் திருப்பத்துல வந்து நிக்கேன். ஒடம்புக்கு முடியலியோ? அண்ணாச்சி எப்படி இருக்காக?"

நான் சொன்னேன். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "கேதம் சொல்லி விடலியே தாயி" என்று மட்டும் கேட்டார். அப்புறம் கட்டிலைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து, மோட்டார் தண்ணீர் விழுகிற தொட்டிக்குள் இறங்கி, வேட்டியோடு தலையைக் கொடுத்து நின்றார். ஆறு வருடத்துக்கு முந்திய சாவுக்கு அந்த மனுஷன் அன்றைக்குத்தான் தலை முழுகினார். நான் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. ஒருவர் ஐந்து வருடம் கூனிக் குறுகிக் கிடந்தே போய்ச் சேர்ந்தார், இன்னொருவர் பதினோரு வருடம் ஒரு கேலியை வைத்துக்கொண்டு காத்து நின்றார். நடுவில் உட்கார்ந்து நான் ஊராருக்கு மனு அடித்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஈரத்தோடு வந்தவர், கல்லில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "வேண்டாம் தாயி. நான் அந்தப் படையில இருந்தேன், தோத்தேன், அது எம் பாடு. அண்ணாச்சி அன்னைக்கு நடு ஆத்துல மூணு படக இழுத்தாரு. நாங்க சுடச் சுட நின்னு இழுத்தாரு. கரையில இருந்து பாத்தவன் நான் சொல்லுதேன். அத எழுதச் சொல்லு" என்றார். அங்கிருந்து நேரே கல் வெட்டுகிறவரிடம் வந்துதான் நிறுத்தச் சொன்னேன். அதை வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், நாலு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளில் நீயாக ஒரு எதிரியைக் கண்டுபிடித்து, அவன் வாசலில் போய் நின்றுவிட்டாய். நான் ஒரு வரி அடித்ததற்கே இத்தனை வினை. நீயும் ஆராயாமல் வாயை விட்டிருக்கிறாய், என் பிள்ளைதானே.

இந்த மாதக் கடைசியில் நீ பட்டாளத்துக்கு ரயில் ஏறப் போகிறாய். தாத்தா மாதிரி ஆக வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் சேர்ந்தாய். எந்தத் தாத்தா என்பதைத் தெரிந்துகொண்டு போ. நாளைக்கு உன்னை எந்தக் கரையில் நிறுத்துவார்களோ எனக்குத் தெரியாது. எதிர்க்கரையில் நிற்கிறவனுக்கும் ஓர் ஊர் இருக்கும், அங்கே ஒரு தேர் ஓடும். அதற்காகச் சொன்ன வேலையைச் செய்யாதே என்று சொல்லவில்லை. உன் தாத்தாவும் செய்தார். செய்துவிட்டு, தன் பங்குப் பாலையும் கொடுத்தார். அங்கிருந்து எனக்குக் கடிதம் போடும்போது உள்ளதை எழுது. பயமாக இருந்தால் பயம் என்று எழுது, அழுதால் அழுதேன் என்று எழுது. அம்மா மனசு கஷ்டப்படும் என்று ஒரு வரி மாற்றி எழுதினாயானால், அது எங்கே போய் நிற்கும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். தப்புச் செய்தால் அந்த வருடமே போய்ச் சொல்லிவிடு. அடுத்த தேர் என்று தள்ளிப் போடாதே.

கல் வெட்டுகிறவர் இதுவரை வெட்டியிருப்பது தாத்தா பெயரும், 'பர்மாப் போரில்' என்ற இரண்டு சொல்லும்தான். இரண்டும் உண்மை. மீதிக் கல் வெறுமையாக இருக்கிறது. அதில் என்ன வெட்ட வேண்டும் என்பதை நீயே முடிவு செய். இந்தத் தடவை நான் டைப் அடித்துத் தர மாட்டேன். எதிர்வீட்டுக்கு முதலில் போ. தனியாகப் போக வெட்கமாக இருந்தால் சொல், முன்னால் நான் நடக்கிறேன்.

நாளை மறுநாள் தேர். சின்னையா வாரேன் என்றிருக்கிறார், மகன் கையைப் பிடித்துக்கொண்டாவது வருவார். எட்டாக மடித்தபடியே இருக்கும் பொன்னாடையை எடுத்துக்கொண்டு, மேல ரத வீதித் திருப்பத்துக்குப் போ. போர்த்திவிட்டுப் பக்கத்தில் நில். அவர் உன் முகத்தைப் பார்த்ததும், "என்ன, கட்சி மாறிட்டீகளாமே!" என்று கட்டாயம் கேட்பார். பதினோரு வருடமாக வைத்திருக்கிறார். நம் வீட்டிலிருந்து ஒருவராவது போய் அதற்குச் சிரிக்க வேண்டும்.

அம்மா